வீட்லயே பழைய சைக்கிளை எலக்ட்ரிக் ஆக்குறது: மொதல் ஸ்பேனர்ல இருந்து கடைசி நட்டு வரைக்கும்

எங்க வீட்டு மொட்டை மாடி ரூம்ல ரெண்டு சைக்கிள் கெடந்துச்சுங்க. ஒண்ணு அப்பாவோட 22 இஞ்ச் ஹெர்குலஸ், கம்பி ப்ரேக்கு, பின்னாடி ஒரு மூட்டையே ஏத்தலாம் அந்த மாதிரி கேரியர். இன்னொண்ணு நான் காலேஜ் படிக்கறப்ப ஓட்டுன குண்டு டயர் வண்டி, கியர் கிடையாது, கலர் போயி செயின் துருப்பிடிச்சு ஒரே பட்டைக் கம்பியா நின்னுட்டிருந்துச்சு. வேலைக்குப் போக வர ஒரு நாளைக்கு 14 கி.மீ, கோயம்புத்தூர்ல ரோடு தட்டையா இருக்காது, ஏறும் எறங்கும், அதனால மிதிச்சே போனா ஆபீஸ் வாசல்ல சட்டை நனைஞ்சுதான் நிப்பேன். சரி மோட்டார் மாட்டிப் பாப்போம்னு எறங்குனேன்.

எறங்குனப்ப நான் நெனச்சது மோட்டார் மாட்டுறதுதான் பெரிய வேலைன்னு. அது ஒரு மதியானத்துல முடிஞ்சிருச்சு. ப்ரேக்கு, ஆக்சில் (சக்கரத்தோட நடு அச்சு), பேட்டரி இந்த மூணுதான் என்னை மூணு வாரம் அலைய விட்டுச்சு. அதனால இதுலயும் அந்த மூணையும்தான் நீட்டி சொல்லப் போறேன், மத்ததெல்லாம் கிட்டு டப்பாலயே படம் போட்டுக் குடுத்துடுவாங்க.

எந்த சைக்கிளை எடுக்கலாம்

எனக்கு ஆசை அப்பாவோட ஹெர்குலஸ் மேலதான். அளவெடுத்துப் பாத்ததும் ஆசை போச்சு. காரணத்தை சொல்றேன், ஏன்னா இதே தப்புல நிறைய பேர் காசு விட்டிருக்காங்க.

பழைய கம்பி ப்ரேக் வண்டியோட டயர் பக்கத்துல 28 x 1½ னு போட்டிருக்கும், அதுக்கு பக்கத்துலயோ கீழயோ 40-635 னு ஒரு நம்பர் இருக்கும். அந்த 635 தான் நெசமான அளவு, டயர் ரிம்முல உக்கார்ற எடத்தோட விட்டம், மி.மீ கணக்கு. நெட்ல '28 இஞ்ச் ஹப் மோட்டார் கிட்டு'ன்னு, சக்கரத்துக்கு நடுவுலயே மோட்டார் வெச்சு விக்கிறாங்க பாருங்க, அது பெரும்பாலும் 622 ரிம்மு. ரெண்டுமே 28 இஞ்ச்னுதான் பேரு, ஆனா 13 மி.மீ வித்தியாசம், நம்ம பழைய டயர் அதுல லொடலொடன்னு கழண்டு வரும். 26 இஞ்ச்லயும் இதே கதைதான், குண்டு டயர் வண்டிக்கு 559, லேடீஸ் சைக்கிள்ல வர்ற 26 x 1⅜ ஒல்லி டயருக்கு 590. அதனால ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி டயரைத் தொடைச்சு அந்த மூணு இலக்க நம்பரைப் படிங்க, இஞ்ச் கணக்கை நம்பாதீங்க. வீட்ல அரசாங்கம் ப்ளஸ் ஒன் பசங்களுக்குக் குடுத்த விலையில்லா சைக்கிள் சும்மா கெடந்தாலும் இதே சோதனைதான்.

'சரி, பழைய ரிம்மையே மோட்டார் மேல கோத்துக்கறேன்'னு நெனச்சா அங்க இன்னொரு முட்டுக்கட்டை. ஹப் மோட்டார்ல போக்ஸ் கம்பிக்கு 36 ஓட்டை. நம்ம பழைய வண்டில முன் வீலுக்கு 32, பின் வீலுக்கு 40. எந்தப் பக்கம் கூட்டிக் கழிச்சாலும் 36 வராது. அப்புறம் அந்தக் கம்பி ப்ரேக்கோட கட்டை ரிம்முக்கு உள்பக்கம், அதாவது போக்ஸ் பக்கத்துல இருந்து மேல இழுத்துப் பிடிக்கும், அதுக்குன்னே மடிச்ச ரிம்மு வேணும், கிட்டு ரிம்முல அது பிடிக்கவே பிடிக்காது. ஆக ரிம்மு மாத்துனா ப்ரேக் போச்சு, ப்ரேக் மாத்தணும்னா போர்க் (முன் சக்கரத்தைப் பிடிச்சிருக்கற ரெண்டு கால் கவை) மாத்தணும், போர்க் மாத்துனா அது அப்பா சைக்கிளே இல்ல. விட்டுட்டேன்.

குண்டு டயர் வண்டிதான் இதுக்கு வாகு. 559 ரிம்மு, இரும்பு போர்க், போர்க்ல ப்ரேக் மாட்ட எடம், முன் வீல் மாட்டுற கேப்பு 100 மி.மீ. கேப்பை ஸ்கேல் வெச்சு ரெண்டு போர்க் காலுக்கும் உள்பக்கம் அளந்துக்கங்க, முன் மோட்டார் பெரும்பாலும் 100க்குத்தான் வருது. போர்க் இரும்பா அலுமினியமான்னு தெரியலைன்னா பழைய ஸ்பீக்கர் காந்தத்தை வெச்சுப் பாருங்க, ஒட்டுனா இரும்பு. அலுமினிய போர்க்லயும் ஸ்ப்ரிங் வெச்ச ஷாக் போர்க்லயும் முன் மோட்டார் மாட்டாதீங்க, வேண்டவே வேண்டாம், அலுமினியம் வளையாது, ஒடியும், ஒடியறதுக்கு முன்னாடி சொல்லிட்டும் ஒடியாது.

மோட்டாருக்கு முன்னாடி ப்ரேக்

வண்டியை மொதல்ல சைக்கிள் கடைக்குக் கொண்டு போயி முழு ஓவராயில் பண்ணிடுங்க. ஹேண்டில் கப்பு, பி.பி ஆக்சில் (பெடல் சுத்துற நடு அச்சு), பின் ஹப் எல்லாத்துலயும் பழைய கிரீஸை வழிச்சுட்டு புது பால்ஸ் போடச் சொல்லுங்க, செயினும் ஃப்ரீவீலும் தேஞ்சிருந்தா சேத்து மாத்திடுங்க. அப்பவே போர்க்கை கழட்டி, தலைப்பகுதி வெல்டிங் கிட்ட துரு அரிச்சிருக்கா, முடி மாதிரி விரிசல் இருக்கான்னு வெயில்ல வெச்சுப் பாத்துடுங்க.

ப்ரேக் கதை இதுதான். நாம சாதாரணமா மிதிக்கறது 15 கி.மீ வேகம். மோட்டார் போட்டா சும்மாவே 25ல போவோம். வேகம் ஒண்ணே முக்கால் மடங்கு கூட கூடலை, ஆனா ப்ரேக் கட்டை முழுங்க வேண்டிய சக்தி கிட்டத்தட்ட 3 மடங்கு ஆயிடும், ஏன்னா அது வேகத்தோட வர்க்கத்துல ஏறும். அதுக்கு மேல மோட்டார் பேட்டரி எடை ஒரு 5, 6 கிலோ. இருபது வருசத்துக்கு முன்னாடி கல்லு மாதிரி ஆன ப்ரேக் கட்டையை வெச்சுக்கிட்டு இதை ஓட்டலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. நான் முன்னாடி பின்னாடி ரெண்டுக்கும் புது வி ப்ரேக் (ரெண்டு பக்கமும் கை வந்து ரிம்மை நெரிக்கற ப்ரேக்), புது கேபிள், புது கட்டை போட்டேன். உங்க வண்டில வி ப்ரேக் மாட்டுற முளை இல்லாம பழைய மாதிரி நடுவுல ஒரே போல்ட்ல தொங்குற ப்ரேக்கா இருந்தா, நல்ல கனமான புதுசு ஒண்ணு வாங்கி கட்டையை மட்டும் உசத்தியா போட்டுக்கங்க. சோதனை ரொம்ப ஈசி, மோட்டார் மாட்டாமலே முடிஞ்ச வேகத்துல மிதிச்சு வந்து பிடிச்சுப் பாருங்க. அதுல திருப்தி இல்லைன்னா மோட்டாருக்குப் பணத்தை எடுக்காதீங்க.

எந்த மோட்டார்

நம்ம ஊர்ல ரெண்டு வழி ஓடுது. ஒண்ணு, பின் சக்கரத்துக்குப் பக்கத்துல தகடு வெச்சு மாட்டுற 24 வோல்ட் 250 வாட் கியர் மோட்டார், அதுல ஒரு 9 பல் சின்ன சக்கரம், அதுல இருந்து தனி செயின் போயி பின் வீலோட இடது பக்கத்தைச் சுத்தும். விலை கம்மி, எந்த ரிம்மா இருந்தாலும் கவலை இல்ல, அப்பா சைக்கிளை விட மனசே வரலைன்னா இதுதான் வழி. மோட்டார் வெளிய நிமிசத்துக்கு 300 சுத்து கிட்ட குடுக்கும், வீல்ல 18 பல் போட்டா வீல் 150 சுத்து, 26 இஞ்ச் வீல் ஒரு சுத்துக்கு 2 மீட்டரும் கொஞ்சமும் போகும், கணக்குப் போட்டா 18, 19 கி.மீ வேகம் வரும். கொறை என்னன்னா சத்தம், அப்புறம் அந்த ரெண்டாவது செயினை நேர்ல நிறுத்தறது, ஒரு நூல் கோணலா இருந்தாலும் பள்ளத்துல எறங்குனா கழண்டுக்கும்.

இன்னொண்ணு ஹப் மோட்டார், சக்கரத்துக்கு நடுவுலயே மோட்டார். இதுல உள்ள கியர் வெச்சது, கியர் இல்லாததுன்னு ரெண்டு ஜாதி. கியர் இல்லாதது கனம், கரண்ட் இல்லாம மிதிச்சா யாரோ பின்னாடி பிடிச்சு இழுக்கற மாதிரி இருக்கும். கியர் வெச்சது 3 கிலோவுக்குள்ள முடிஞ்சிடும், உள்ள ஒரு ஃப்ரீவீல் இருக்கறதால ஆஃப் பண்ணிட்டு மிதிச்சா சாதா சைக்கிள் மாதிரியே ஓடும். நான் எடுத்தது 36 வோல்ட் 250 வாட், கியர் வெச்ச முன் ஹப், 26 இஞ்ச் ரிம்முல கோத்தே வந்துச்சு. கையில வந்ததும் பயந்துடாதீங்க, முன்னாடி சுத்துனா ஃப்ரீயா போகும், பின்னாடி சுத்துனா கடகடன்னு பிடிக்கும், அது ரிப்பேர் இல்ல, அப்படித்தான் இருக்கணும்.

250 வாட் பத்துமான்னு எல்லாரும் கேக்கறாங்க. தட்டை ரோட்ல 20 கி.மீ வேகத்துல நிமிந்து உக்காந்து போக ஒரு 100, 120 வாட் போதும். ஆளும் வண்டியும் சேத்து 100 கிலோன்னு வெச்சுக்கங்க, 100 அடிக்கு 5 அடி ஏறுற மேட்டுல 15 கி.மீ வேகத்துல போக, ஏத்தத்துக்கு மட்டும் 200 வாட் சொச்சம் வேணும். பழகுன ஆள் கால்ல 75, 100 வாட் தொடர்ந்து குடுக்கலாம். ஆக மோட்டார் 250, கால் ஒரு 75, நம்ம ஊர் மேம்பாலத்துக்கு அது தாராளம். மிதிக்காம வெறும் த்ராட்டில்ல (பைக் மாதிரி கைல முறுக்கறது) ஏறணும்னு நெனச்சாதான் பத்தாது.

500, 1000 வாட் வாங்கலாமான்னு சபலம் வரும், எனக்கும் வந்துச்சு. மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 250 வாட்டுக்குக் கீழ, 25 கி.மீ வேகத்துக்கு மேல மோட்டார் உதவாத வண்டிக்குத்தான் மோட்டார் வாகனம்ங்கற கணக்குல இருந்து விலக்கு. அதைத் தாண்டுனா லைசென்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன், இன்சூரன்ஸ்னு பைக் கதை ஆயிடும். இன்னொரு விசயமும் சொல்லணும், அந்த விலக்குக்கே அங்கீகாரம் உள்ள டெஸ்டிங் ஏஜென்சி சோதிச்சு ஒத்துக்கிட்டிருக்கணும்னு விதியிலயே இருக்கு, வீட்ல பண்ணுன வண்டிக்கு அந்த பேப்பர் கிடையாது. அதனாலயாவது சின்ன மோட்டார், மெதுவான வேகம்னு அடக்கமா இருந்துக்கங்க. அதை விட பெரிய காரணம், நம்ம போர்க்கு 1000 வாட்டுக்குப் பொறந்தது இல்ல.

பேட்டரில கஞ்சத்தனம் வேண்டாம்

எனக்கு மொத்த செலவு 20,000த்தை ஒட்டி வந்துச்சு, அதுல பாதிக்கு மேல பேட்டரிதான். 36 வோல்ட் 10 ஏ.எச் (ஆம்ப் ஹவர்)னா ரெண்டையும் பெருக்கி 360 வாட் ஹவர். மிதிச்சுக்கிட்டே போனா கி.மீக்கு 8ல இருந்து 12 வாட் ஹவர் ஆகுது, வெறும் த்ராட்டில்னா 15 ஐயும் தாண்டும். அப்போ 30 கி.மீ சுலபமா ஓடும். எனக்கு 14 கி.மீதான், ரெண்டு நாளைக்கு ஒரு தடவை சார்ஜ் போட்டா போதும். உங்க தூரத்தை 12 ஆல பெருக்கி அதுல பாதியை மேல சேத்து வர்ற நம்பருக்கு பேட்டரி வாங்குங்க, ஏன்னா பேட்டரி வயசாக ஆக கொறையும்.

ஜாதி மூணு. லெட் ஆசிட், அதாவது யு.பி.எஸ்ல வர்ற மாதிரி 12 வோல்ட் டப்பா மூணு, விலை கம்மி ஆனா எடை 10 கிலோவுக்கு மேல, சைக்கிளுக்கு ஆகாது. லித்தியம் அயன், 10 செல் வரிசையா வரும், ஃபுல்லா ஏறுனா 42 வோல்ட், காலி ஆகுறப்ப 30 கிட்ட பி.எம்.எஸ் (பேட்டரிக்குள்ளயே இருக்கற காவல் சர்க்யூட்) கட் பண்ணிடும், எடை 2 சொச்சம் கிலோ. லித்தியம் ஃபெரோ பாஸ்பேட்னு ஒண்ணு, 12 செல், 38.4 வோல்ட், ஃபுல் சார்ஜ் 43.8, கொஞ்சம் கனம், கொஞ்சம் பெருசு, ஆனா வெயிலைத் தாங்கும், ஆயுசும் ஜாஸ்தி. கேரியர்ல வெக்க எடம் இருந்தா கடைசி ஜாதியை எடுங்க, நான் ஃப்ரேம் நடுவுல வெக்கணும்னு அடம் பிடிச்சு லித்தியம் அயன் எடுத்தேன்.

பழைய லேப்டாப் செல்லைப் பிரிச்சு நானே பேக் கட்டுறேன்னு கெளம்பறவங்களுக்கு: மொத தடவை வேண்டாம். ஒவ்வொரு செல்லும் ஒவ்வொரு வயசு, ஒண்ணு மட்டும் சீக்கிரம் காலியாகும், அதைத்தான் மத்த ஒம்பதும் சேந்து போட்டு அமுக்கும். பில்லோட, பி.எம்.எஸ்ஸோட, அதுக்குன்னே உள்ள சார்ஜரோட கட்டுன பேக்கா வாங்குங்க. பி.எம்.எஸ் தொடர்ச்சியா எத்தனை ஆம்ப் தாங்கும்னு கேளுங்க, 250 வாட் கிட்டுல கண்ட்ரோலர் (மோட்டாருக்குக் கரண்டை அளந்து குடுக்கற டப்பா) 15 ஆம்ப் வரை இழுக்கும், அதனால 20 ஆம்ப் பி.எம்.எஸ் வேணும்.

சார்ஜர்ல ஒரு பொறி இருக்கு. '36 வோல்ட் சார்ஜர்'னு கடைல ரெண்டு கெடக்கும், ஒண்ணு லெட் ஆசிட்டுக்கு, ஒண்ணு லித்தியத்துக்கு. லெட் ஆசிட் சார்ஜர் 44 வோல்ட் வரை ஏத்தும், லித்தியம் அயன் 42ல நிக்கணும். பிளக்கு ஒண்ணா இருக்குதேன்னு சொருகாதீங்க, சார்ஜர் அடில அவுட்புட் 42 வோல்ட்னு போட்டிருக்கா பாருங்க, போட்டிருந்தாலும் மல்டிமீட்டர் வெச்சு ஒரு தடவை பாருங்க. மல்டிமீட்டர் இல்லாம இந்த வேலையையே தொடாதீங்க, சென்னைக்காரங்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட், மத்த ஊர்ல எந்த எலக்ட்ரானிக்ஸ் கடைலயும் கிடைக்கும்.

வீல் மாட்டுறது, அந்த ஆக்சில் விசயம்

இதை மட்டும் ரெண்டு தடவை படிங்க.

சாதா சைக்கிள்ல ஆக்சிலுக்கு வேலை வண்டியைத் தாங்குறது மட்டும்தான். ஹப் மோட்டார்ல அப்படி இல்ல, மோட்டார் வீலை முன்னாடி தள்ளும்போது ஆக்சில் பின்னாடி திரும்பப் பாக்கும். அதைத் தடுக்கத்தான் 12 மி.மீ ஆக்சிலை ரெண்டு பக்கம் சீவி 10 மி.மீ ஆக்கி வெச்சிருக்காங்க, அந்த தட்டைப் பக்கம் போர்க்கோட வெட்டுல உக்காந்து நிக்கணும். மோட்டார் ஒரு 30 நியூட்டன் மீட்டர் முறுக்கு குடுக்குதுன்னு வைங்க, அந்த சின்ன ஓரத்துல அது 300 கிலோவுக்கு மேல அழுத்தம். பழைய போர்க்கோட முனை அதுக்கு வாயைத் திறந்துடும். திறந்தா ஆக்சில் உள்ளயே சுத்தி, வயரை முறுக்கி அறுத்து, வீலு வெளிய வந்து, நீங்க ஹேண்டில் மேல பறந்துடுவீங்க.

எனக்கு இது தெரியும், தெரிஞ்சும் கிட்டுல வந்த கொக்கி வாஷரே போதும்னு மாட்டிட்டேன். நல்ல வேளை வண்டி ஸ்டாண்டுலதான் இருந்துச்சு, வீல் தரைல படாம. மோட்டாரை கட் பண்ற ப்ரேக் லிவர் வயரை இன்னும் சொருகலை, அதனால த்ராட்டில்ல மெதுவா முறுக்கிட்டு, ப்ரேக்கை லேசா பிடிச்சு லோடு குடுத்துப் பாத்தேன். டொக்குனு ஒரு சத்தம். நட்டு ஒரு கால் சுத்து திரும்பி இருந்துச்சு, வாஷரோட கொக்கி நாக்கு மாதிரி நிமிந்து போச்சு, வயர் ஆக்சில் வாய்ல நசுங்கி உள்ள செம்பு தெரியுது. ரோட்ல ஆயிருந்தா இதை எழுதிட்டிருக்க மாட்டேன்.

மறுநாள் நம்ம தெருவுக்குப் பின்னாடி இருக்கற லேத் பட்டறைக்குப் போனேன். 6 மி.மீ இரும்புத் தகடு, 25 மி.மீ அகலம், 120 மி.மீ நீளம், ஒரு முனைல 10 மி.மீ வெட்டு வேணும்னு பேப்பர்ல வரைஞ்சு குடுத்தேன். பட்டறை அண்ணன் பாத்துட்டு, "ஏனுங்க தம்பி, சைக்கிளுக்கா இத்தாம் பெரிய தகடு? மூணு எம்.எம் போதாதுங்ளா?"ன்னாரு. ஆக்சிலைக் காட்டி விசயத்தை சொன்னதும் ஒண்ணும் பேசலை, 10 மி.மீ ட்ரில்ல ஓட்டை போட்டு, ரம்பத்துல வாயைத் திறந்து, அப்புறம் ஒரு அரத்தை எடுத்து ஒவ்வொரு இழுப்புக்கும் ஆக்சிலை வெச்சு வெச்சுப் பாத்து அரை மணி நேரம் ராவுனாரு. "கையில போட்டா வுழுகக் கூடாது தம்பி, தட்டித்தான் ஏறோணும்." அதுதான் அளவு. ரெண்டு தகடு பண்ணி, போர்க்கோட ரெண்டு காலுக்கும் ஒண்ணு ஒண்ணு, மேல் முனையை ரெண்டு ஹோஸ் கிளாம்ப் போட்டு போர்க் காலோட இறுக்கியாச்சு. இதைத்தான் டார்க் ஆர்ம்னு சொல்றாங்க. கணக்கைப் பாருங்க, அதே 30 நியூட்டன் மீட்டர் இப்போ 10 செ.மீ தள்ளி இருக்கற கிளாம்ப்ல வெறும் 30 கிலோ தள்ளு. ஒரு தகடு 300 கிலோவை 30 ஆக்கிடுது.

மாட்டுற வரிசை: பழைய முன் வீலைக் கழட்டுங்க, டயர் டியூபை மோட்டார் ரிம்முக்கு மாத்துங்க, டயர் வெடிச்சிருந்தா புதுசே போடுங்க, முன் மோட்டார் வீல்ல பங்ச்சர்னா கழட்டி மாட்டுறது பெரிய தொல்லை. போர்க் வெட்டு 10 மி.மீக்கு கம்மியா இருக்கும், ரெண்டு பக்கமும் சமமா தட்டை அரத்துல ராவுங்க, ஆக்சில் வெட்டோட அடி வரைக்கும் போயி உக்காரணும். ராவுறது போர்க்கை மட்டும்தான், ஆக்சிலோட தட்டையை ராவிடாதீங்க. வயர் வெளிய வர்ற பக்கம் வலது கையா வரணும், பொதுவா அப்படித்தான், அம்புக்குறி போட்டிருந்தா அதைப் பாருங்க. வயர் ஆக்சில்ல இருந்து கீழ பாத்து வந்து 'ப' மாதிரி வளைஞ்சு மேல ஏறணும், மழைத் தண்ணி அந்த வளைவுல சொட்டிடும், மோட்டாருக்குள்ள எறங்காது. நட்டை ஒரு அடி நீள ஸ்பேனர்ல நல்லா இறுக்குங்க.

வயரிங்

ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. நடுவுல கண்ட்ரோலர் டப்பா, அதுக்கு பேட்டரி, மோட்டார், டிஸ்ப்ளே, த்ராட்டில், ரெண்டு ப்ரேக் லிவர், பெடல் சென்சார் எல்லாம் வந்து சேரும். இப்போ வர்ற கிட்டுல தண்ணி போகாத பின் பிளக்கு, கலர் கலரா இருக்கும், கலருக்குக் கலர் சொருகணும். மோட்டார் பிளக்குல 9 பின் இருக்கும், தடிச்சது மூணு மோட்டார் கரண்ட், ஒல்லியா இருக்கறது உள்ள இருக்கற சென்சாருக்கு. அம்புக்குறி ரெண்டும் நேரா வந்த பிறகு நேரா தள்ளுங்க, திருகாதீங்க, ஒரு பின் வளைஞ்சா வீல் நடுங்கும், ஓடாது.

பேட்டரிக்கும் கண்ட்ரோலருக்கும் நடுவுல 20 ஆம்ப் ஃப்யூஸ் ஒண்ணு போடுங்க, 2.5 சதுர மி.மீ வயர் போதும். சிவப்பு கருப்பு மாத்திக் குடுத்தா கண்ட்ரோலர் அந்த நிமிசமே காலி, அதனால பிளக் சொருகுறதுக்கு முன்னாடி மீட்டர் வெச்சு பிளஸ் மைனஸ் பாத்துடுங்க. சொருகும்போது பட்டுனு ஒரு பொறி வரும், அது கண்ட்ரோலர் உள்ள இருக்கற கெப்பாசிட்டர் ரொம்புறது, பயப்பட வேண்டாம், ஆனா தினமும் அப்படிப் பண்ணா பிளக் முனை கருகிடும், அதனால பேட்டரிலயே ஸ்விட்ச் இருக்கற மாதிரி வாங்குங்க.

ப்ரேக் லிவர் வயரை 'அப்புறம் மாட்டிக்கலாம்'னு விட்டுடாதீங்க. லிவரைத் தொட்டதும் மோட்டாரை கட் பண்றது அதுதான், இல்லைன்னா ஒரு பக்கம் நீங்க பிடிப்பீங்க, ஒரு பக்கம் மோட்டார் தள்ளும்.

பெடல் சென்சார்ங்கறது பி.பி ஆக்சில்ல மாட்டுற ஒரு காந்த வளையம், பக்கத்துல ஒரு கண்ணு. மிதிச்சா காந்தம் சுத்தும், கண்ணு பாத்துட்டு மோட்டாருக்கு சொல்லும். நடுவுல 2, 3 மி.மீ கேப்பு, அதுக்கு மேல போனா தெரியாது. கிராங்க்கை (பெடல் மாட்டியிருக்கற கம்பி) கழட்டணும், பழைய வண்டில அதை ஆக்சிலோட பிடிச்சு வெக்கற கோட்டர் பின்னு ஒரு ஆப்பு இருக்கும், நட்டை முழுசா எடுக்காம நுனில வெச்சுக்கிட்டு, கிராங்க்குக்கு அடில மரக்கட்டை முட்டுக் குடுத்துட்டு தட்டுங்க, இல்லைன்னா அடி பால்ஸ்ல விழும். ரெண்டா பிரிஞ்சு சேர்ற காந்த வளையம் கிடைச்சா கிராங்க்கைக் கழட்டவே வேண்டாம்.

அந்த வளையத்துக்கு முன் பக்கம் பின் பக்கம் உண்டு, நான் பாக்கலை. எல்லாம் மாட்டி ஸ்டாண்டுல நிறுத்தி மிதிக்கறேன், ஒண்ணும் இல்ல. பிளக்கெல்லாம் கழட்டி மாட்டி, மீட்டர் வெச்சுப் பாத்து, ஒரு மணி நேரம் போச்சு. சோர்ந்து போயி பெடலைப் பின்னாடி தள்ளுனேன், வீல் விர்ர்ருனு சுத்துது. எங்க வீட்டம்மா காபி கொண்டு வந்தவ பாத்துட்டு, "என்னங்க, ரிவர்ஸ்லதான் ஆபீஸ் போவீங்களா"ன்னா. வளையத்தைத் திருப்பிப் போட்டேன், சரியாயிடுச்சு.

மொத ஓட்டம்

டிஸ்ப்ளே செட்டிங்ல வீல் அளவு 26, வேக வரம்பு 25 வெச்சுக்கங்க. மொதல்ல ஸ்டாண்டுலயே அஞ்சு நிமிசம் ஓட விடுங்க, ப்ரேக் லிவரைத் தொட்டா நிக்குதா, மிதியை விட்டா நிக்குதா பாருங்க. மிதியை விட்ட ஒரு நொடிக்குள்ள நிக்கணும். அப்புறம் ஆள் இல்லாத ரோடு, மோட்டார் உதவி கம்மியான லெவல், ஹெல்மெட். முன் மோட்டார் வண்டில மண்ணு ரோட்ல, மழை நாள்ல பெயிண்ட் கோட்டு மேல திரும்பும்போது முன் வீல் வழுக்கும், வளைவுல மோட்டார் குடுக்காதீங்க.

ஒரு கி.மீ போயிட்டு வந்து நட்டை இறுக்கிப் பாருங்க. கண்டிப்பா கொஞ்சம் திரும்பும். பத்து கி.மீல மறுபடி, நூறுல மறுபடி. நான் நட்டுலயும் தகடுலயும் சேத்து வெள்ளை பெயிண்ட்ல ஒரு கோடு போட்டு வெச்சிருக்கேன், தினமும் வண்டி எடுக்கும்போது குனிஞ்சு பாத்தா போதும், கோடு நேரா இருந்தா கெளம்பலாம்.

நூறு கி.மீ கிட்ட போக்ஸ் கம்பி தளரும். மோட்டார் வீல்ல கம்பி குட்டை, தடிமன், புதுசா கோத்தது எல்லாமே ஒரு தடவை இறங்கும். கடைல குடுத்து கோட்டம் எடுக்கச் சொல்லுங்க, பேட்டரியைக் கழட்டி வீட்ல வெச்சுட்டுப் போங்க, கடைல சின்னப் பையன் யாராவது பெடலைச் சுத்திப் பாப்பான்.

சார்ஜ் போடுறது பத்தி. வெயில்ல ஓட்டிட்டு வந்ததும் போடாதீங்க, ஒரு அரை மணி நேரம் ஆற விடுங்க. 2 ஆம்ப் சார்ஜர்ல 10 ஏ.எச் ரொம்ப 5 மணி நேரத்துக்கு மேல ஆகும், அதனால ராத்திரி தூங்கும்போது போட்டா என்னன்னு தோணும், வேண்டாம், முழிச்சிருக்கற நேரத்துல போடுங்க. வாசல்ல, மாடிப்படிக்குக் கீழ போடாதீங்க, ஏதாவது ஆச்சுன்னா வெளிய ஓடுற வழி அதுதான். சிமெண்ட் தரைல, பக்கத்துல துணி மெத்தை இல்லாம. பேட்டரி கீழ விழுந்து நசுங்கியிருந்தா, உப்பியிருந்தா, ஒரு மாதிரி இனிப்பு வாசனை வந்தா அதை மறுபடி சார்ஜ் பண்ணவே கூடாது. ஊருக்குப் போறதா இருந்தா ஃபுல்லா ஏத்தியும் வெக்காதீங்க, காலி பண்ணியும் வெக்காதீங்க, 37, 38 வோல்ட்ல விட்டுட்டுப் போங்க.

மழைல ஓடும், பிரச்சனை இல்ல, ஆனா முட்டளவு தண்ணில எறக்காதீங்க. ஆக்சில் முங்குனா தண்ணி வயர் வழியா உள்ள போகும், வெளிய வராது. வாட்டர் சர்வீஸ் கடைல குடுத்து ப்ரஷர்ல அடிக்கறதும் அதே கதைதான், ஈரத் துணில தொடைச்சா போதும். கண்ட்ரோலரை நான் மொதல்ல பாலிதீன் கவர்ல சுத்தி வெச்சேன், வெயில்ல உள்ளயே வேர்த்து பிளக்கெல்லாம் பச்சை பூத்துடுச்சு. இப்போ அடில ரெண்டு ஓட்டை போட்ட டிபன் டப்பா, கேரியருக்குக் கீழ தொங்குது.

அப்பா ஒரு நாள் ஓட்டிப் பாத்தாரு. தெரு முனை வரைக்கும் போயிட்டு வந்து எறங்கி, முன் ப்ரேக்கை ரெண்டு தடவை அமுக்கிப் பாத்துட்டு, "ப்ரேக்கு நல்லாப் பிடிக்குது, மோட்டார் எங்க இருக்கு?"ன்னு கேட்டாரு. ஹெர்குலஸுக்கு காத்து அடிச்சு வெச்சிருக்கேன், அது அப்படியே இருக்கட்டும்னு சொல்லிட்டாரு.